ரோசி வேலைக்கு நடந்த வழி

பட்டம் சந்திப்பில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது காலை ஏழே முக்கால். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். மீட்டர் 84 ரூபாய் காட்டியது. நூறாகக் கொடுக்கச் சொன்னார் ஓட்டுநர். "பி.எஸ்.சி. ஆபீஸ்ல வேலையா சேச்சி?" என்று எனக்காகத் தமிழைக் கலந்து கேட்டார். பழைய சினிமா ஸ்டுடியோ இருந்த இடத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். முப்பது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் வண்டி ஓட்டுகிறாராம். பட்டத்தில் ஸ்டுடியோ இருந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். நான் தேடி வந்தது கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம்.

கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர் ஜே.சி. டேனியல். குடும்ப நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் 1926இல் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். இன்றைய கேரள அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகத்தை ஒட்டிய இடம் அது. அங்கே அவர் எடுத்த மௌனப் படம் 'விகதகுமாரன்'. மலையாள சினிமாவின் முதல் படம். அதன் கதாநாயகி பி.கே. ரோசி. நந்தன்கோட்டில் பிறந்த புலையர் சமூகப் பெண். கூலிக்குப் புல்லறுத்தவர். காக்காரிசி நாடகத்தில் வேஷம் கட்டியவர். அதற்கு முன் சினிமாவில் நடித்ததில்லை.

ரோசியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரியைத்தான் எழுதுகிறார்கள். நாயர் வீட்டுப் பெண்ணாக ஒரு புலையப் பெண் நடிப்பதா என்று கொட்டகையில் கல்லெறிந்தது, திரையைக் கிழித்தது, குடிசைக்குத் தீ வைத்தது, அவர் ஊரை விட்டு ஓடியது. நானும் பல தடவை படித்திருக்கிறேன். படித்து முடிக்கும்போதெல்லாம் ஒரு குறை மிஞ்சும். அந்த ராத்திரிக்கு முன்னால் அவர் தினமும் காலையில் எழுந்து நடிக்கப் போயிருக்கிறார். அந்தப் பகல்களைப் பற்றி யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எங்கிருந்து கிளம்பினார், எவ்வளவு தூரம் நடந்தார், வழி மேடா பள்ளமா? இதைக் காலால் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் வந்தேன்.

தேர்வாணைய வாசலில் அந்த நேரத்துக்கே கூட்டம். பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு இளம்பெண்கள், பக்கத்தில் குடையோடு அப்பாக்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் 2 ரூபாய், வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. டீக்கடையில் டீ 12 ரூபாய். கண்ணாடி அலமாரியில் பழம்பொரி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காவலாளியிடம் போய், இங்கே முதல் சினிமா எடுத்த இடம் என்று ஏதாவது பலகை, கல்வெட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து கையை விரித்தார். மதில் ஓரமாக முழுச் சுற்றும் நடந்து பார்த்தேன். பாசி படிந்த மதில், அதற்கு மேல் மரக்கிளைகள், ஒட்டிக் கிழித்து மறுபடி ஒட்டிய பயிற்சி மைய விளம்பரங்கள். நான் சுற்றிய வரைக்கும் டேனியல் பெயரோ ரோசி பெயரோ கண்ணில் படவில்லை.

இடம் மேடாக இருப்பதைக் கவனித்தேன். வெயில் தடையில்லாமல் விழுகிறது. மௌனப் படக் காலத்தில் சூரியன்தான் விளக்கு. திருவனந்தபுரத்துக்கு மின்சாரமே 1929இல்தான் வந்தது. ஆகவே படப்பிடிப்பு என்றால் வெயில் ஏறியபின் தொடங்கி, வெயில் சாயும் முன் முடிந்திருக்க வேண்டும். புல்லறுக்கும் வேலையும் அதே நேரத்து வேலைதான். ஒன்றுக்குப் போனால் மற்றதற்குப் போக முடியாது. ஒருநாள் நடிப்புக்கு 5 ரூபாய் என்றும், மொத்தம் பத்து நாள் நடித்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பத்து நாளும் புல்லுக்கட்டு விற்ற காசு அவர் கைக்கு வந்திருக்காது என்பதை இந்த வெயிலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

கதாநாயகியாக முதலில் வரவழைத்தது பம்பாயிலிருந்து லானா என்ற நடிகையை. வசதிகள் போதவில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார் என்பார்கள். உள்ளூரில் நல்ல குடும்பத்துப் பெண் எவரும் வரமாட்டார். நாடகங்களில் ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலம். அப்போதுதான் காக்காரிசி ஆடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று டேனியலிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது ஜான்சன் என்று சொல்வதுண்டு. படத்தில் வில்லனாக நடித்தவர் அவர்தான். பின்னாளில் தமிழ்ப் படங்களில் நடித்த பி.எஸ். சரோஜாவின் அப்பா.

பட்டத்திலிருந்து நந்தன்கோட்டுக்கு வழி கேட்டேன். ஆட்டோ பிடித்தால் 30 ரூபாய், குறைந்தபட்சக் கட்டணத்தை ஒட்டித்தான் வரும் என்றார்கள். நடந்தேன். முதல் தடவை, வேடிக்கை பார்த்துக்கொண்டு. பட்டத்திலிருந்து ரோடு பிளாமூட்டுக்கு இறங்குகிறது. சரிவின் அடியில் பட்டம் தோடு. பெயர்தான் தோடு, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஒடுக்கிய ஓடை. கறுத்த தண்ணீர், ஓரத்தில் சேம்பு இலைகள், ஒரு கொக்கு. அதைத் தாண்டி வலதும் இடதுமாகத் திரும்பி மேடேறினால் நந்தன்கோடு. நாற்பது நிமிடம் ஆயிற்று. நின்று நின்று போனது கணக்கில் சேராது, திரும்பும்போது சரியாக அளந்துகொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நந்தன்கோடு இன்றைக்கு அதிகாரம் குடியிருக்கும் பேட்டை. கேரள முதலமைச்சரின் அதிகாரபூர்வ இல்லமான கிளிஃப் ஹவுஸ் இங்கேதான். தெருமுனையில் தடுப்புக் கட்டை, காவலர் கூண்டு, உள்ளே நீளமாகப் போகும் மரநிழல். ரொம்ப நேரம் நின்றால் காவலர் நம்மையே பார்க்கிறார். மறுபக்கம் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் தலைமை அலுவலகம். சந்திப்புக்கே தேவஸ்வம் போர்டு ஜங்ஷன் என்று பெயர். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நான் கொஞ்ச நேரம் நின்றேன். கோயில்களில் எல்லாச் சாதி இந்துக்களும் நுழையலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் அறிவித்தது 1936 நவம்பர் 12இல். ரோசி நடித்தபோது அது நடந்திருக்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் நடந்த போராட்டம் 1925இல்தான் முடிந்தது. இந்த ஊரின் எந்த ரோட்டில் எந்த நேரத்தில் நடக்கலாம் என்று யோசித்துக் கால் வைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ரோசி. நான் பாட்டுக்கு அளந்துகொண்டு நடக்கும் இந்த வழி, அவருக்கு அளவில் இதேதான் இருந்திருக்கும். நடையில் அப்படி இருந்திருக்காது.

ஒரு வயதானவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் பாக்கெட்டோடு வந்தார். ரோசியின் பெயரைச் சொன்னதும் "அறியாம், அறியாம்" என்று உற்சாகமாகத் தலையாட்டினார். பழைய வீடு அதோ அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். எந்தப் பக்கம் என்று கூடவே போய்க் கேட்டேன். தன் அம்மா சொன்னது என்றார். கொஞ்ச தூரம் போனதும் இந்தப் பக்கமாகவும் இருக்கலாம் என்றார். இரண்டு பக்கமும் மூன்று மாடிக் குடியிருப்புகள், சுற்றுச்சுவருக்கு மேல் போகன்வில்லா, கார் நிறுத்துமிடம். குடிசை இருந்ததற்கான அடையாளம் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. தீயில் போன ஓலைக்குடிசை நூறு வருஷம் அடையாளம் வைத்துவிட்டா போகும்? அவரிடம் நன்றி சொல்லிவிட்டு அந்த இடத்தை இதுதான் என்று குறித்துக்கொள்ளாமல் திரும்பினேன்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் வெள்ளயம்பலம். அங்கே நடுவில் அய்யங்காளியின் வெண்கலச் சிலை, 1980இல் இந்திரா காந்தி திறந்துவைத்தது. தலைப்பாகை, கோட்டு. 1893இல் தடையை மீறி வில்வண்டி கட்டிக்கொண்டு பொதுச்சாலையில் ஓட்டியவர். சுற்றிலும் வாகனங்கள் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தன. அவர் 1941 வரை உயிரோடு இருந்தார், இதே திருவிதாங்கூரில், ரோசியின் சமூகத்தின் பெரிய தலைவராக. அப்படி ஒருவர் இருந்த காலத்தில், அவருக்குப் பிறகு பிறந்த ஒரு பெண்ணுக்கு நாடக மேடையில் ஏறும் தைரியம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்காரிசி தென் திருவிதாங்கூரின் தெருக்கூத்து என்று சொல்லலாம். சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமாக, குறி சொல்லும் நாடோடிகளாக ஊருக்குள் வருவார்கள். ஊர்ப் பெரியவர் கேள்வி கேட்பார். அவர்கள் பாடி ஆடிப் பதில் சொல்வார்கள். பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். ஆண்களே காக்காத்தி வேஷம் கட்டிவந்த இடத்தில் அதைக் கட்டிய முதல் பெண் ரோசி என்கிறார்கள். முதலா இல்லையா என்பதை விடுங்கள். திறந்த வெளியில், பந்த வெளிச்சத்தில், கூட்டம் கேலி பேசினால் அந்த நொடியிலேயே பாட்டில் பதில் கொடுக்கத் தெரிந்தவர் பட்டத்துக்கு நடந்து போனார். படத்தில் பேச்சே கிடையாது. பாட்டும் கிடையாது. அவருக்குப் பழகிய ஆயுதங்கள் இரண்டையும் வாசலிலேயே வைத்துவிட்டு, முகத்தாலும் கையாலும் மட்டும் நடிக்கச் சொல்லியிருப்பார்கள். எந்த நடிகைக்கும் இது லேசான காரியமில்லை. இதை யாராவது அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நந்தன்கோட்டுக்குத் திரும்பி வந்தேன். ரோட்டோரம் ஒரு பெண் காருக்குப் பின்னால் அட்டைப் பெட்டியில் பொதிச்சோறு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று 80 ரூபாய். வாட்டிய வாழையிலையில் செய்தித்தாள் சுற்றி, கையில் வாங்கும்போது இன்னும் சூடு. ரோசி தினமும் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போவார், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார் என்று படித்தது ஞாபகம் வந்துதான் வாங்கினேன். டேனியல் கூப்பிட்டும் அவர் சேர்ந்து சாப்பிடத் தயங்கினார் என்று ஒருவர் சொல்கிறார், இடம் கொடுக்கவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். பொதி கையில் இருந்தது என்பதில் இருவருக்கும் வித்தியாசமில்லை.

சரியாக 11.10க்குத் தேவஸ்வம் போர்டு சந்திப்பிலிருந்து கிளம்பினேன். வேலைக்குப் போகிற பெண்ணின் வேகம், நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இறக்கம் சுகமாக இருந்தது. தோட்டுப் பாலத்தைத் தாண்டியபோது 11.24. அதன்பின் மேடு. வெயில் முதுகில் ஏறியது. பொதிச்சோற்றை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினேன். பேருந்து நிறுத்தத்தில் பள்ளிச் சீருடைப் பெண்கள் இரண்டு பேர் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாணைய மதில் தெரிந்தபோது மூச்சு வாங்கியது. 11.39. இருபத்தொன்பது நிமிடம். போனில் தூரம் இரண்டேகால் கிலோமீட்டர் காட்டியது. அன்றைக்கு இந்த வளைவுகள் இருந்திருக்காது, வயல்வரப்பும் ஒற்றையடிப் பாதையும் குறுக்குவழி கொடுத்திருக்கலாம். பாலம் இல்லாத இடத்தில் தோட்டில் இறங்கி ஏறியிருக்கவும் கூடும். ஆனால் இறக்கமும் ஏற்றமும் மாறியிருக்காது. காலையில் போகும்போது கடைசியில் ஏற்றம். சாயங்காலம் களைத்துத் திரும்பும்போதும் கடைசியில் ஏற்றம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இலையைப் பிரித்தேன். மத்தி மீன் வறுவல், தேங்காய்ச் சம்மந்தி, மரவள்ளிக்கிழங்கு, சிவப்பு அரிசிச் சோறு. வாட்டிய இலையின் வாசம் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

பிற்பகல் ஸ்டாச்சு பக்கம் போனேன். தலைமைச் செயலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, 1869இல் திறந்தது. எதிரே திவான் மாதவராவ் சிலை. இவ்விரண்டும் ரோசி காலத்திலேயே இருந்தவை. விகதகுமாரனைத் திரையிட்ட கேப்பிட்டால் கொட்டகை இந்த வட்டாரத்தில், இப்போது அக்கவுண்டண்ட் ஜெனரல் (ஏஜி) அலுவலகம் இருக்கும் பக்கம் என்று படித்திருந்தேன். அந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்தேன். ஸ்டேஷனரிக் கடை, வக்கீல் அறைகளின் பெயர்ப் பலகைகள், லாட்டரிச் சீட்டு விற்பவர். 50 ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு கோடி பரிசு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு புத்தகக் கடையில் கேட்டதற்கு, கடைக்காரர் எழுந்து வெளியே வந்து எதிர்வரிசையைக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரர் இல்லை, அந்த மூலை என்றார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். நான் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு இடத்தையும் பார்த்துக்கொண்டேன்.

முதல் காட்சியைத் தொடங்கிவைத்தவர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை, பேர்பெற்ற வக்கீல். தேதி 1928 நவம்பர் 7 என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1930 அக்டோபர் 23 என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ரோசி அன்று வந்தாரா என்பதிலேயே இரண்டு கதை. பெரிய மனிதர்கள் அவரோடு சமமாக உட்கார மறுத்ததால் அழைக்கவில்லை என்பது ஒன்று. தானாக வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பது இன்னொன்று. எப்படியானாலும் தான் நடித்ததைத் திரையில் அவர் பார்க்கவில்லை என்றே இரண்டு கதையும் முடிகின்றன. பட்டத்திலிருந்து இந்த இடம் நாலு கிலோமீட்டர்தான். பத்து நாள் தினமும் நடந்த பெண்ணுக்கு இது பெரிய தூரமில்லை.

கதைப்படி அவர் சரோஜினி. திருவிதாங்கூர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளையை வில்லன் இலங்கைக்குக் கடத்திப் போய்விடுகிறான். காணாமல் போன அந்தப் பிள்ளையின் தங்கை சரோஜினி. கதாநாயகன் டேனியலே. சரோஜினியின் கூந்தலில் இருக்கும் பூவை எடுத்துக் கதாநாயகன் முத்தமிடுகிற காட்சி வந்தபோதுதான் கல் பறந்ததாம். நானும் நீங்களும் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிறுவனாக இருந்தபோது அந்தச் சுருளைத் தீயில் போட்டு விளையாடியது தான்தான் என்று டேனியலின் மகன் ஹாரிஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் படச்சுருள் பொறி பட்டாலே பற்றும். ரோசியின் படம் என்று ஒரு புகைப்படம் எங்கும் சுற்றுகிறது. அது அவர்தானா என்பதில் சண்டை தீரவில்லை. 2023 பிப்ரவரி 10இல் அவருடைய 120ஆவது பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் போட்டதும் ஓவியம்தான்.

மாலை 4.20க்குத் தம்பானூரில் நாகர்கோவில் பேருந்து ஏறினேன். ரயிலில் போயிருக்கலாம், மலிவு. ஆனால் தம்பானூர் ரயில் நிலையமே 1931இல்தான் திறந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தண்டவாளம் வந்தது 1979இல். ரோசி ஊரை விட்டுப் போன இரவில் தெற்கே போக ரோடு ஒன்றுதான். அந்த வழியாக வந்த ஒரு லாரியை நிறுத்தி ஏறினார் என்றும், அந்த லாரி ஓட்டுநர் கேசவப் பிள்ளையையே பின்னால் மணந்துகொண்டார் என்றும், அவரைத் தேடிப் பல ஆண்டு அலைந்து எழுதிய குன்னுகுழி எஸ். மணி போன்றவர்கள் சொல்கிறார்கள். கேசவப் பிள்ளை நாயர் சாதி. ரோசி நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார்.

கண்டக்டர் சில்லறை கேட்டு முணுமுணுத்தார். ஜன்னலோரம் கிடைத்தது. கரமனை ஆறு, நேமம், நெய்யாற்றின்கரை. ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடை கடையாகப் போகின்றன. பாறசாலை தாண்டிக் களியக்காவிளை வந்தபோது ஆறு மணியாகியிருந்தது. பாதி வழி. எல்லை இங்கேதான். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் மலையாளப் பலகை, அந்தப் பக்கம் தமிழ்ப் பலகை. இரண்டு பக்கமும் ஒரே நேந்திரங்காய்ச் சிப்ஸ், கிலோ விலை மட்டும் வேறே வேறே. ரோசி கடந்தபோது எல்லை கிடையாது. நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல்தான் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தக் கோடு டேனியலையும் விடவில்லை. சொத்தெல்லாம் போய், பல் மருத்துவராகப் பிழைத்து, கடைசியில் அகஸ்தீஸ்வரத்தில் முடங்கியவருக்கு உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் கைவிரித்துவிட்டார்களாம். 1975இல் இறந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதியதால்தான் அவர் பெயர் மீண்டது. 1992இலிருந்து கேரள அரசு தன் உயரிய சினிமா விருதை அவர் பெயரில்தான் கொடுக்கிறது. 2013இல் அவர் வாழ்க்கை 'செல்லுலாய்ட்' என்று படமாகவும் வந்தது. ரோசிக்கான முறை இன்னும் மெதுவாக வந்தது. 2019இல் கேரளத்துத் திரைப்படப் பெண்கள் தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் பி.கே. ரோசி திரைப்பட விழா நடத்துகிறது.

மார்த்தாண்டத்தில் பேருந்து இருபது நிமிடம் நின்றது. இருட்டிவிட்டது. தக்கலைக்குப் பின் காற்றில் ஈரம். முன்னால் ஒரு லாரி பாரம் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. நம் பேருந்தால் முந்த முடியவில்லை. அதன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் முன்பின் தெரியாத ஒருவர், மடியில் ஒரு துணிமூட்டை இருந்திருக்குமா இருந்திருக்காதா, பின்னால் தன் வீடு எரிகிறது. அன்று லாரியில் ரோசி திரும்பிப் பார்த்தாரா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை நான் எழுதப் போவதில்லை. இந்த ரோட்டின் வளைவுகள் மட்டும் தெரியும், ஏனென்றால் என் உடம்பு அத்தனையிலும் ஆடிச் சாய்ந்தது.

வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது ஏழரை தாண்டிவிட்டது. எழுபது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். பிச்சிப்பூ வாசம் முகத்தில் அடித்தது. பக்கத்தில்தான் தோவாளை, பூவுக்குப் பஞ்சமில்லாத ஊர். வெளிவாசலில் எழுபது வயதுக்கு மேலான ஒரு ஆச்சி தட்டு முன்னால் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். முழம் 30 ரூபாய்.

ராஜம்மாளின் குடும்பத்தைத் தேடிப் போவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். தான் நடித்ததைப் பிள்ளைகளிடம்கூட அவர் பேசவில்லை என்கிறார்கள். அந்த மௌனத்தின் மேல் அவர்கள் ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் தட்டி அதைக் கலைக்க எனக்கு உரிமையில்லை. பூ வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடலாம் என்றுதான் நின்றேன்.

"எங்கேருந்து வாற மக்ளே?" என்றார் ஆச்சி. திருவனந்தபுரம் என்றேன். எதுக்குப் போன என்றார். சொன்னேன். பேருந்துகள் சத்தத்துக்கு நடுவே, அவர் பூக் கட்டுவதை நிறுத்தாமலே, முழுக்கதையையும் கேட்டார். புல்லறுத்தது, நடந்து போனது, பூவை எடுத்து முத்தமிட்டது, கல்லெறிந்தது, லாரி. நூலை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அதெல்லாம் சரி. அந்தப் படத்துல அவ நல்லா நடிச்சாளா மக்ளே?"

காலையிலிருந்து எவரும் கேட்காத கேள்வி அது. நானும் யாரிடமும் கேட்கவில்லை. படமே இல்லை ஆச்சி, எரிஞ்சு போச்சு, பார்த்தவங்க ஒருத்தரும் உயிரோட இல்லை என்றேன்.

"கல்லெறிஞ்சவன் பாத்திருப்பாம்லா" என்றார்.

அளந்து வைத்த சரத்தோடு கூட ஒரு முழம் சேர்த்து நீட்டினார். அறுபது ரூபாய் கொடுத்தேன். முப்பது போதும் என்று மீதியைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவருக்கு அளக்கத் தொடங்கினார்.